போலந்தின் ஓவாஸா கோடை முகாம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போலந்தில் ஜூன் கடைசியில் பள்ளி மூடினால் செப்டம்பரில்தான் திறப்பார்கள். வேலைக்காக வந்து குடும்பத்தோடு இங்கே இருக்கிற நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு அந்த இரண்டு மாதமும் பெரிய கவலை. எல்லா வருடமும் ஊருக்குப் போய்வர முடியாது, வீட்டில் இருந்தால் பிள்ளைகள் போனோடுதான் கிடப்பார்கள். அந்த நேரத்தில்தான் பங்குக் கோயில் அறிவிப்பில் ஓவாஸா என்ற கத்தோலிக்கக் கோடை முகாமின் பெயர் காதில் விழும். அனுப்பலாமா, எப்படி இருக்கும், பத்திரமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். என் மகள் போன கோடையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான முதல் படி முகாமை முடித்துவிட்டு வந்தாள்.

என் பதில், தாராளமாக அனுப்பலாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஆனால் நீச்சல், குதிரையேற்றம், கயாக் என்று நினைத்துப் பணம் கட்டினால் பிள்ளையும் ஏமாந்துபோகும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள். இது பதினைந்து நாள் தியானம். மலை உண்டு, கிடார் உண்டு, இரவில் விளையாட்டும் ஆட்டமும் உண்டு, எல்லாம் அந்தத் தியானத்துக்குள்தான் வரும். ஏன் பதினைந்து நாள், ஏன் எட்டுப் பத்துப் பேர் கொண்ட சின்னச் சின்னக் குழு, ஏன் பதினெட்டு இருபது வயசுப் பிள்ளைகளே குழுவை நடத்துகிறார்கள் என்பதெல்லாம் இதன் வரலாறு தெரிந்தால்தான் புரியும். எங்களுக்குக் கொடுத்த தாளில் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல்தான் இருந்தது, வரலாற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதைத் தொடங்கியவர் அருட்தந்தை பிரான்சிஷெக் பிளாஹ்னிட்ஸ்கி. 1921-ல் ரிப்னிக் என்ற ஊரில் பிறந்தவர், பள்ளி நாட்களில் சாரணர். 1939 செப்டம்பரில் ஜெர்மனி படையெடுத்தபோது போர்க்களத்தில் நின்றார், அப்புறம் தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார், 1940-ல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் பிடிபட்டார். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதை முகாமில் அவருடைய கைதி எண் 1201, அதாவது அந்த முகாம் திறந்த புதிதில் உள்ளே போனவர். ஒரு வருடத்துக்கும் மேல் அங்கே இருந்தார். 1942-ல் அவருக்கு மரண தண்டனை விதித்துக் கத்தோவிட்ஸே சிறையில் வைத்தார்கள். அதுவரை கடவுள் நம்பிக்கையை விட்டு விலகி இருந்தவர். தலையை வெட்டும் கில்லட்டினுக்காகக் காத்திருந்த அந்தச் சிறையறையில், 1942 ஜூன் 17-ம் தேதி, மனதுக்குள் யாரோ விளக்கின் சுவிட்சைத் தட்டியதுபோல் விசுவாசம் வந்தது என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். சில வாரங்களில் மரண தண்டனை பத்து வருடச் சிறையாக மாறியது. போர் முடிந்ததும் நேராகக் குருமடத்தில் போய்ச் சேர்ந்தார், 1950-ல் குருப்பட்டம் பெற்றார்.

முதல் முகாம் 1954-ல், பிபியெலா என்ற சிற்றூரில், பீடச் சிறுவர்களுக்காக நடந்தது. பையன்களை வரிசையாக உட்காரவைத்துப் பிரசங்கம் செய்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சாரணர் முகாமில் கற்றதை எடுத்துக்கொண்டார்: வெளியூரில், இயற்கைக்கு நடுவே, சின்னக் குழுவாகச் சேர்ந்து வாழ வேண்டும், செபமும் சமையலும் விளையாட்டும் ஒரே நாளுக்குள் வர வேண்டும், சொல்லிக்கொடுப்பதை அன்றைக்கே வாழ்ந்து பார்க்க வேண்டும். இன்று என் மகள் போய்வந்த முகாமிலும் அடிப்படை இதுதான்.

நடுவில் ஒரு முக்கியமான விஷயம். 1957-ல் அவர் குடிக்கு எதிராக ஒரு பெரிய இயக்கம் தொடங்கினார், ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் சேர்ந்தார்கள். கம்யூனிச அரசுக்கு அது பொறுக்கவில்லை, 1960-ல் அலுவலகத்தைச் சோதனை போட்டு மூடிவிட்டார்கள். அதை எதிர்த்துக் கடிதம் எழுதியதற்காக 1961-ல் அவரைக் கைது செய்து நாலு மாதம் போல உள்ளே வைத்தார்கள், அதுவும் ஜெர்மன்காரர்கள் அவரை வைத்திருந்த அதே கத்தோவிட்ஸே சிறையில். வெளியே வந்ததும் லுப்ளின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார், அங்கேயே பாடமும் நடத்தினார். கோடையானால் தெற்கே பியெனினி மலையடிவாரத்தில், துனாயெட்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிற குரோஷ்சென்கோவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். திருச்சபையைப் புதுப்பிக்க உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்திருந்த காலம் அது. திருப்பலியில் எல்லாரும் பங்கெடுப்பது, விவிலியத்தைக் கையில் எடுத்து ஆளாளுக்குப் படிப்பது போன்றவை பல ஊர்ப் பங்குகளுக்கு வந்துசேர நாளானது, இந்த முகாம்களில் பிள்ளைகள் முன்னாலேயே பழகிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் இளைஞர் முகாம் நடத்துவது அரசின் உரிமை. திருச்சபை நடத்தினால் சட்டவிரோதக் கூட்டம். அதனால் பெரிய கட்டடம் எதுவும் கிடைக்காது, மலைக் கிராமத்து விவசாயிகள் வீடுகளில்தான் தங்கினார்கள், வைக்கோல் பரணில் படுத்தார்கள். காவலர்கள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போவார்கள், சுகாதார ஆய்வாளர் வந்து குற்றம் கண்டுபிடிப்பார், இடம் கொடுத்த விவசாயிக்கு அபராதம் போடுவார்கள். அபராதம் கட்டிவிட்டு அடுத்த கோடையில் மறுபடி கதவைத் திறந்த குடும்பங்கள் இருந்தன. இந்த முகாம் இயக்கத்தை உண்மையில் தாங்கிப் பிடித்தவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் பெரிதாக இல்லை.

அந்தப் பகுதி கிராகோவ் உயர்மறைமாவட்டத்துக்குப் பக்கம். கிராகோவின் கர்தினால் அப்போது கரோல் வொய்த்திவா, பின்னால் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். அவர் இந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக நின்றார் என்றே சொல்ல வேண்டும். 1972 ஆகஸ்ட் 16-ம் தேதி பிளிஷ்ச் என்ற மலையில் ஏறி அவர்களோடு திருப்பலி நிறைவேற்றினார். அடுத்த வருடம் ஜூன் 11-ம் தேதி குரோஷ்சென்கோவில், கோப்பியா கூர்க்கா குன்றின் மேல், இயக்கத்தை அமல அன்னையிடம் ஒப்படைத்த நிகழ்ச்சியையும் அவரே முன்நின்று நடத்தினார். ஒரு கர்தினால் வந்து நிற்கிற இடத்தில் காவலர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். 1976-ல் இதற்கு ஒளி-வாழ்வு இயக்கம் என்று பெயர் வந்தது. ஃபோஸ் (ஒளி), ஸோயே (வாழ்வு) என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சிலுவை வடிவில் எழுதினால் நடுவில் ஒமேகா என்ற எழுத்து இரண்டுக்கும் பொதுவாக வரும், அதுதான் இன்றும் அவர்கள் அடையாளம். மகளின் கழுத்தில் இப்போது தொங்குகிற மரப் பதக்கமும் அதுவே.

இன்னொன்றும் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். 1970களின் நடுவில் பிளாஹ்னிட்ஸ்கி, கேம்பஸ் குரூசேட் என்ற அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் அமைப்போடு சேர்ந்து நற்செய்தி அறிவிப்பு முறைகளைக் கற்றுக்கொண்டார். இதற்குத் திருச்சபைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. முதல் படியில் இன்றும் அதன் தடயம் தெரியும்: முகாமின் நடுவில் ஒருநாள், இயேசுவைத் தன் ஆண்டவராகவும் மீட்பராகவும் ஏற்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொந்த வாயால் சொல்லும் நிகழ்ச்சி உண்டு. நம் ஊரில் அந்தோணியார் கோயில் நவநாளும் மாதா திருவிழாவுமாக வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் புதுசு. என் மனைவிக்கு முதலில் தயக்கம். மகளிடம் கேட்டோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள், அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். அந்தப் பதில் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பிளாஹ்னிட்ஸ்கியின் முடிவு வேதனையானது. 1981 டிசம்பர் 10-ம் தேதி ரோமுக்குக் கிளம்பினார், மூன்றே நாளில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது, திரும்ப முடியவில்லை. 1982 முதல் மேற்கு ஜெர்மனியில் கார்ல்ஸ்பெர்க் என்ற ஊரில் இருந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1987 பிப்ரவரி 27-ம் தேதி திடீரென்று இறந்தார். நுரையீரலில் ரத்தக்கட்டி என்று அப்போது சொன்னார்கள். 2023 மார்ச்சில், நாஜி, கம்யூனிசக் காலக் குற்றங்களை ஆராயும் போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் விசாரணை நடத்தி, அவருக்கு விஷம் கொடுத்துக் கொன்றிருக்கிறார்கள் என்று அறிவித்தது. அவருக்கு மிக நெருக்கமாகவே கம்யூனிச ரகசியப் போலீஸின் ஆட்கள் இருந்தார்கள். அவர் உடல் 2000-ல் குரோஷ்சென்கோவுக்கு வந்தது, நல்லாயன் கோயிலில் இருக்கிறது. 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை, புனிதர் பட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு படியான வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார்.

சரி, முகாமுக்கு வருவோம். பதினைந்து நாள் என்பது செபமாலையின் பழைய பதினைந்து மறையுண்மைகள், அதாவது இயேசு, மரியா வாழ்க்கையின் நிகழ்ச்சிகள். முதல் நாள் மங்கள வார்த்தை, இரண்டாம் நாள் எலிசபெத்தைச் சந்தித்தது, மூன்றாம் நாள் இயேசு பிறப்பு, இப்படியே போகும். மூன்றாம் நாள் என்றால் ஜூலை வெயிலில் கிறிஸ்துமஸ்! மகள் இருந்த வீட்டுச் சாப்பாட்டு அறையில் காட்டிலிருந்து வெட்டிவந்த ஒரு கிளையைப் பழைய ஊறுகாய் ஜாடியில் நட்டு, நோட்டுப் புத்தகத் தாளில் நட்சத்திரம் வெட்டி ஒட்டி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கரோல் பாடியிருக்கிறார்கள். தெருவில் போன சுற்றுலாக்காரர்கள் நின்று பார்த்தார்களாம். பத்தாம் நாள் சிலுவை மரணம், அன்று முழுக்க அடங்கிய நாள், சிலுவைப்பாதை மலையேறிப் போகும். பதினொன்றாம் நாள் உயிர்ப்பு, விடியற்காலையில் எழுப்பிவிடுவார்கள். ஒரு வருடத்துத் திருவழிபாட்டை இரண்டு வாரத்தில் நடந்து முடிக்கிற இந்த யோசனைதான் முகாமின் உயிர். ஞாயிறு மறைக்கல்வியில் வருடக் கணக்கில் கேட்டும் மண்டையில் ஏறாத வரிசை, மகளுக்கு இப்போது தூக்கத்தில் கேட்டாலும் தெரிகிறது.

ஒரு சாதாரண நாள் இப்படி இருக்கும்: காலைச் செபம், அப்புறம் 'சந்திப்புக் கூடாரம்' என்று பெயர் வைத்த தனிச் செப நேரம். விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில் மோசே ஆண்டவரோடு முகமுகமாய்ப் பேசிய கூடாரத்தின் பெயர்தான் அது. விவிலியத்தோடு ஆளுக்கொரு மூலையில், மரத்தடியில், படிக்கட்டில் பேசாமல் உட்கார வேண்டும். முதல் சில நாள் கால் மரத்துப்போய்க் கொட்டாவியாக வந்தது என்றாள் மகள், பின்னால் அந்த நேரத்தைத்தான் அதிகம் எதிர்பார்த்தாளாம். பகலில் குழுக் கூட்டம், திருப்பலி, பாட்டுப் பயிற்சி, மலை நடை. இரவில் எல்லாரும் சேர்ந்து ஆடிப்பாடும் நேரம். பாத்திரம் கழுவுவது, உருளைக்கிழங்கு தோல் சீவுவது, கழிப்பறை கழுவுவது எல்லாம் முறை வைத்துப் பிள்ளைகளே செய்ய வேண்டும். வீட்டில் தட்டை எடுத்துவைக்கச் சொன்னாலே முகம் சுளிக்கிறவள், அங்கே இருபது முப்பது பேரின் சூப் பானையைத் தேய்த்திருக்கிறாள்.

இதில் என்னை ரொம்பக் கவர்ந்தது குழுவை நடத்துகிற அந்தப் பெரிய பிள்ளைகள். அனிமேட்டர் என்பார்கள். மகளின் குழுவை நடத்திய பெண்ணுக்கு இருபது வயசு, கல்லூரி மாணவி. சம்பளம் கிடையாது, தன் விடுமுறையில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஏழெட்டு வருடமாகப் படிப்படியாக ஏறி, பயிற்சி எடுத்து வந்தவள். ஆசிரியரிடமும் சாமியாரிடமும் கேட்க முடியாத கேள்வியை அவளிடம் கேட்க முடிகிறது. பாதிரியார் கைதானாலும் குழு நின்றுபோகக் கூடாது என்கிற நெருக்கடியில் இருந்த ஒரு திருச்சபைக்கு, பொதுநிலை இளைஞர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுப்பது எவ்வளவு அவசியமாக இருந்திருக்கும்! இன்று நெருக்கடி இல்லை, ஆனால் அந்த நம்பிக்கையை அவர்கள் கைவிடவில்லை. நம் ஊர்ப் பங்குகளில் மே மாத விடுமுறை விவிலியப் பள்ளியை அக்காமார்களும் அண்ணன்மார்களும் அழகாக நடத்துகிறார்கள்தான், ஆனால் அது பகல் வகுப்பு, பத்து நாளில் முடிந்துவிடும். இங்கே முகாம் முடிந்தபிறகு வருடம் முழுக்க வாரக் கூட்டம் உண்டு, அதில் ஒழுங்காக இருந்தால்தான் அடுத்த கோடைக்கு அடுத்த படி. என்னைக் கேட்டால் நம் மறைமாவட்டங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

பெற்றோர் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. பதிமூன்றாம் நாள் மட்டும் போகலாம், தூய ஆவி இறங்கிவந்த மறையுண்மையின் நாள் அது, சுற்றுவட்டாரத்தில் நடக்கிற எல்லா முகாம்களும் ஒரே இடத்தில் கூடுவார்கள். நாங்கள் குரோஷ்சென்கோ போனோம். காலையிலிருந்தே மலைப்பாதைகளில் கூட்டம் கூட்டமாக, கொடியும் கிடாருமாக, முழங்கால் வரைக்கும் சேறோடு பாடிக்கொண்டு வருகிறார்கள். சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று. மைக் முன்னால் யார் வேண்டுமானாலும் வந்து நடந்ததைச் சொல்லலாம். ஒரு பையன், பதினாறு வயசு இருக்கும், அப்பாவோடு இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்ததாகவும் நேற்று இரவு போன் செய்ததாகவும் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேச முடியாமல் இறங்கிப் போனான். என் போலிஷ் அரைகுறைதான், அது புரிந்தது. திருப்பலி முடிந்ததும் எல்லாரும் கொண்டுவந்ததைப் பொதுவில் வைத்துச் சாப்பிட்டார்கள். நாங்கள் எலுமிச்சைச் சாதமும் முறுக்கும் கொண்டுபோயிருந்தோம், முறுக்கு டப்பா எங்கள் கைக்குத் திரும்பி வருவதற்குள் காலி.

சாப்பாட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காலையும் இரவும் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, தக்காளி, வெள்ளரி. மதியம் சூப், உருளைக்கிழங்கு, ஒரு துண்டுக் கறி, பழம் வேகவைத்த கோம்போட். வெள்ளிக்கிழமை கறி கிடையாது. காரம் எதிர்பார்க்க வேண்டாம், ஊறுகாய் பாட்டில் ஒன்று பையில் போட்டுவிடுங்கள், சுற்றி இருக்கிறவர்களும் கேட்பார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிற பிள்ளை என்றால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். மது, புகை இரண்டும் அறவே இல்லை, பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். 1979-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நோவி தார்க் என்ற ஊருக்கு வந்தபோது அவர் முன்னிலையில் பிளாஹ்னிட்ஸ்கி அறிவித்த மனித விடுதலைக்கான அறப்போர் இன்றும் இந்த இயக்கத்தில் உயிரோடு இருக்கிறது. அதில் சேர்பவர்கள் மதுவைத் தொடுவதில்லை என்று விருப்பப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். போலந்துக் கல்யாணங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய முடிவு என்று தெரியும்.

குறை என்று பார்த்தால் மொழிதான் முதல் விஷயம். எல்லாம் போலிஷில். பிள்ளை இங்கே பள்ளியில் இரண்டு மூன்று வருடமாவது படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழுக் கூட்டத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். இரண்டாவது, ஓய்வு குறைவு, உடல் பலவீனமான பிள்ளைக்குச் சிரமம். மூன்றாவது, எங்களுக்கு முகாம் தகவல்கள் கடைசி வாரத்தில்தான் முழுசாகக் கிடைத்தன, கூட்டிப்போன பஸ்ஸும் இரண்டு மணி நேரம் தாமதம். அரை மதிப்பெண் குறைத்தது அதற்குத்தான். ஏற்பாடு ஊருக்கு ஊர் மாறும், உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் கேட்கத் தயங்காதீர்கள். இப்போது பிள்ளைகளுக்கான எந்த விடுமுறை முகாமும் கல்வித் துறை அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும், பெற்றோர் நிரப்ப வேண்டிய தகுதிப் படிவம் உண்டு, அதில் ஒவ்வாமை, மருந்து, தடுப்பூசி எல்லாம் எழுத வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அரசு இணையதளத்தில் சரிபாருங்கள், பொறுப்பான பெரியவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நல்ல ஏற்பாட்டாளர் முகம் சுளிக்காமல் சொல்வார். போன் முழுநாளும் கையில் இருக்காது, குறிப்பிட்ட நேரத்தில் கொடுப்பார்கள், அந்த நேரம் எது என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

செலவு ஆயிரம் ஸ்லோட்டிக்கு (போலந்துப் பணம்) மேல் போகும், மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும். சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்துப் பதினைந்து நாளுக்கு இங்கே இது நியாயமான தொகை. கஷ்டம் என்று பங்குத்தந்தையிடம் சொன்னால் உதவி கிடைக்க வழி உண்டு. ஜூலை ஆகஸ்ட்டில் மூன்று கட்டமாக நடத்துவார்கள். பங்கில் ஓவாஸா குழு இருந்தால் இளவேனிலிலேயே பெயர் கொடுங்கள், இல்லாவிட்டால் மறைமாவட்டத்து ஒளி-வாழ்வு இயக்கத்தின் பொறுப்பாளரிடம் நேராகக் கேட்கலாம்.

பிள்ளையை அனுப்பாவிட்டாலும் குரோஷ்சென்கோவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். கிராகோவிலிருந்து நூறு கிலோமீட்டர் போல, ஷ்சாவ்னிட்ஸா போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். கோப்பியா கூர்க்கா குன்றில் பணியாளர் கிறிஸ்து சிற்றாலயம் இருக்கிறது, ஊருக்குள் நல்லாயன் கோயிலில் பிளாஹ்னிட்ஸ்கியின் கல்லறை. மதியத்துக்கு மேல் துனாயெட்ஸில் மரப்படகுச் சவாரி, கால் நன்றாக இருந்தால் 982 மீட்டர் 'மூன்று கிரீடங்கள்' சிகரம். சிகரத்து மேடையில் கோடைச் சனி ஞாயிறுகளில் நிற்க இடம் கிடைக்காது, வார நாளாகப் பார்த்துப் போங்கள்.

மகள் அடுத்து இரண்டாம் படிக்குப் போகிறாள், அது விடுதலைப் பயண நூலை வைத்து நடப்பது. அதற்கு முன்னால் வருடம் முழுக்க வாரக் கூட்டத்தை விடாமல் முடிக்க வேண்டும், இதுவரை ஒன்றும் தவறவில்லை. இரண்டாம் படிக்குப் பிள்ளையை அனுப்பிய நம்மவர்கள் யாராவது இருந்தால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.